தடையாணையை மீறிவிட்டார்கள்: 2ஏ மனுவா, இ.பி.யா, போலீஸா, ஹைகோர்ட்டா?

"தடை வாங்கியாச்சுங்க. அவன் மதிக்கவே இல்லை. அடுத்து என்ன போடறது?"

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று எந்தக் கோர்ட் வளாகத்தில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் விவசாயி. தகராறு வண்டித்தடமாக இருக்கும், கிணற்றுப் பங்காக இருக்கும், பங்காளி நகர்த்தி நட்ட எல்லைக் கல்லாக இருக்கும். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் வாங்கி, இனி நிம்மதி என்று ஊருக்குப் போனால் மறுவாரமே ஜேசிபி வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். டீக்கடையில் ஒருவர் "ஹைகோர்ட்ல கண்டெம்ப்ட் போடு, உள்ளே தள்ளிடலாம்" என்பார், அதாவது நீதிமன்ற அவமதிப்பு மனு. இன்னொருவர் "ஸ்டேஷனுக்குப் போ" என்பார். மூன்றாமவர் ஊர்ப் பெரியவர்களை உட்கார வைக்கச் சொல்வார். எல்லா வழியும் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை உத்தரவுக்கு உரியது. தவறான கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் காத்திருந்து, "இதற்கு இங்கே வராதீர்கள்" என்ற பதிலோடு திரும்ப வேண்டும். அதற்குள் சுவர் எழுந்து பூச்சும் முடிந்துவிடும்.

ஆகவே முதலில் அளவுகோல்கள், பிறகு வழிகள்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கையில் இருப்பது எந்தக் காகிதம்? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். வழக்கு நடக்கும்போது ஐ.ஏ. (இடைக்கால மனு) எண்ணில் கிடைத்த இடைக்கால உறுத்துக்கட்டளை, அதாவது தடை, ஒரு வகை. வழக்கு முடிந்து கிடைத்த டிகிரி (இறுதித் தீர்ப்பாணை) வேறு வகை. ஹைகோர்ட் ரிட் மனுவில் தாசில்தாருக்குப் போட்ட உத்தரவு இன்னொன்று. எதிர்தரப்பு கோர்ட்டில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி மற்றொன்று. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்திருந்தால் அந்தத் தீர்வும் டிகிரிக்குச் சமம்.

மீறிய நாளில் உத்தரவு அமலில் இருந்ததா? இடைக்காலத் தடை பல நேரம் "அடுத்த வாய்தா வரை" என்றுதான் போடப்படும். அந்த வாய்தாவில் நீட்டிக்கப்படாமல் போயிருந்தால், இடைப்பட்ட நாளில் நடந்ததை மீறல் என்று நிரூபிப்பது கடினம். எதிரியைத் திட்டுவதற்கு முன் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு, ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வக்கீலிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உத்தரவு அவருக்குத் தெரியுமா? எதிர்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தடை என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 39 விதி 3-இன்படி மனு, பிரமாணப் பத்திரம், பிராது (மூல வழக்கு மனு), ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் நீங்கள் உடனே பதிவுத் தபாலிலோ நேரிலோ அவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். சேர்ப்பித்ததை, உத்தரவு வந்த அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாதவர்கள் நிறைய. பிறகு அவர் கூண்டில் ஏறி "எனக்குத் தடை இருப்பதே தெரியாது" என்று ஒரே வரியில் தப்பிக்கிறார்.

வேண்டியது தண்டனையா, தடமா? கோபத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். கோர்ட்டில் இரண்டும் வெவ்வேறு கோரிக்கை. எதிரியைச் சிறைக்கு அனுப்பக் கேட்டு, கல்லை அகற்றக் கேட்காமல் விட்டால், அவர் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்துவிடுவார். கல் நட்ட இடத்திலேயே இருக்கும்.

காலக்கெடு, தூரம், செலவு. ஒரு வழிக்கு ஓராண்டு, ஒன்றுக்கு மூன்றாண்டு, ஒன்றுக்குக் கெடுவே இல்லை. ஒன்று பத்துக் கிலோமீட்டரில் முடியும், மற்றொன்றுக்குச் சென்னை போக வேண்டும். நமக்கு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சென்னை முதன்மை அமர்வின் கீழ்தான் வருகின்றன.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த உத்தரவுக்கு | எங்கே | என்ன கிடைக்கும் | கெடு |
|---|---|---|---|---|
| கட்டளை 39 விதி 2ஏ மனு | நடப்பு வழக்கின் இடைக்காலத் தடை | தடை கொடுத்த அதே கோர்ட் | சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை | வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, தாமதமின்றி |
| இ.பி., அதாவது நிறைவேற்று மனு (கட்டளை 21 விதி 32) | இறுதி டிகிரி, மக்கள் நீதிமன்றத் தீர்வு | டிகிரி கொடுத்த கோர்ட் | சிவில் சிறை, ஜப்தி, கோர்ட் மூலம் அகற்றம் | நிரந்தரத் தடைக்குக் கெடு இல்லை; செயலுறுத்துக் கட்டளைக்கு ("இதைச் செய்" என்ற உத்தரவுக்கு) 3 ஆண்டு |
| போலீஸ் உதவி மனு (சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 151) | தடை அல்லது டிகிரி, மீறல் நடக்கப்போகும் நிலை | அதே கோர்ட் | ஸ்டேஷனுக்கு நேரடி உத்தரவு | உடனடி |
| நீதிமன்ற அவமதிப்பு | ஹைகோர்ட் உத்தரவு, கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழி | சென்னை ஹைகோர்ட் | 6 மாதம் வரை சிறை, ரூ. 2,000 வரை அபராதம் | மீறிய நாளிலிருந்து 1 ஆண்டு |

## 2ஏ மனு: வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது

நம் பக்கத்துத் தகராறுகளில் முக்கால்வாசிக்கு இதுதான் சரியான கதவு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட விதி இது. தடையை மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். ஜப்தி ஓராண்டு வரை நிற்கும். அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

உள்ளூரிலேயே முடிவது இதன் பெரிய பலம். உங்கள் வழக்கு, வரைபடம், ஆவணம் எல்லாம் அந்த நீதிபதி முன்னாலேயே இருக்கின்றன. தடை கொடுத்தவருக்கே அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது தெரியும்.

இன்னொரு பலமும் உண்டு. "தடையே தப்பு, மேல்கோர்ட்டில் ரத்து பண்ணிடுவேன், அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?" என்று ஜேசிபியோடு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த உத்தரவு பிறகு ரத்தானாலும், அது அமலில் இருந்தபோது மீறிய செயல் அழிந்துவிடாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி இதன் கஷ்டங்கள். மனு போட்டதும் போலீஸ் போய்ப் பிடித்து வராது. சாட்சி, குறுக்கு விசாரணை என்று ஒரு சிறு வழக்காகவே இது நடக்கும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய விஷயம் என்பதால் கோர்ட் ஆதாரத்தைக் கறாராகப் பார்க்கும். மீறல் நடந்தது, அவர்தான் செய்தார், தெரிந்தே செய்தார் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். பிராதில் சொத்து விவரம் குழப்பமாக எழுதப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். "சர்வே எண் 112/2-இல் கிழமேல் செல்லும் தடம்" என்று மட்டும் இருந்து அகலமும் நீளமும் இல்லாவிட்டால், "நான் நட்டது என் பட்டா இடத்தில்தான்" என்று அவர் நிற்பார்.

அதனால்தான் வக்கீல் கமிஷனர், அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் அனுப்பும் வக்கீல், முக்கியமாகிறார். காவேரிப்பட்டணம் பக்கத்தில் இரண்டு மாந்தோப்புகளுக்கு நடுவே 12 அடி வண்டித்தடம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோர்ட் முடிந்த பிறகு, தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை 2ஏ மனுவோடு சேர்த்து, கட்டளை 26 விதி 9-இன் கீழ் கமிஷனர் நியமிக்க இன்னொரு மனுவும் போட வேண்டும். கமிஷனர் வந்து சர்வேயரோடு டேப் பிடிக்கும்போது, கல்லுக்காலின் அடியில் மண் இன்னும் இறுகாமல் இருக்க வேண்டும். சிமெண்ட் கலவை வெளுக்காமல் பச்சையாக இருக்க வேண்டும். வரப்பில் ஜேசிபி வாளியின் பற்கள் இழுத்த கோடு மழையில் கரைந்திருக்கக் கூடாது. வெட்டிய மாமரத்தின் அடிக்கட்டையில் பால் காயாமல் இருந்தால் அதையும் அவர் குறிப்பில் எழுதுவார், படம் எடுப்பார். இந்த அறிக்கை ஒன்று இருந்தால் "அந்தக் கல் பத்து வருஷமா அங்கேதான் இருக்கு" என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து கமிஷனர் போனால் அவருக்குத் தெரிவது ஒரு வேலி மட்டும்தான்.

செல்போனில் எடுத்த வீடியோவை நம்பி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரதிய சாட்சிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கு உரிய சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும், மற்றொரு பகுதியை நிபுணரும் தர வேண்டும். எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள், அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதிக்கு அந்த மதிப்பு கிடையாது.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கே அதிகம். கமிஷனர் கட்டணம், சர்வேயர் செலவு இரண்டும் மனு போட்டவர் கையிலிருந்துதான் போகும். ஜப்தி கேட்டால் எதிரியின் சொத்து விவரத்தை நீங்களே திரட்டித் தர வேண்டும். 2ஏ உத்தரவுக்கு எதிராக அவர் மேல்முறையீடு செய்து நிறுத்தி வைக்கவும் முடியும். அந்தச் சமயத்தில் மூல வழக்கும் மெதுவாகும்.

என் கருத்தில் 2ஏ மனுவை ஒருபோதும் தனியாகப் போடக் கூடாது. மீறிச் செய்ததை அகற்றி முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரக் கேட்டு, பிரிவு 151-இன் கீழ் ஒரு மனுவும் கூடவே போக வேண்டும். சிறைக்குப் போவது அபூர்வமாகவே நடக்கிறது. பெரும்பாலும் சிறை வந்துவிடுமோ என்ற நிலை வரும்போது எதிர்தரப்பு மன்னிப்புக் கேட்டு, வேலியை எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுக்கும். அந்த எழுத்தை வாங்குவதற்குத்தான் 2ஏ. அகற்றக் கேட்கும் மனு பக்கத்தில் இல்லாவிட்டால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

மாம்பழக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. தோத்தாபுரி லாரி ஏறும் பருவமும் அதை ஒட்டியே வருகிறது. தடத்தை அடைக்க நினைப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். ஏப்ரலிலேயே அறிகுறி தெரிந்தால், தடை நீட்டிப்பு பதிவாகியிருக்கிறதா என்று விடுமுறைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசர மனுக்களுக்கு விடுமுறைக் கால நீதிமன்றம் உண்டு. ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

## இ.பி.: டிகிரி கையில் இருக்கும்போது

வழக்கு முடிந்து நிரந்தரத் தடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு மீறுகிறார் என்றால் 2ஏ பொருந்தாது. இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்போடு முடிந்துவிடுகிறது, அதன் பிறகு கட்டளை 21 விதி 32-இன் கீழ் நிறைவேற்று மனுதான் வழி என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவமதிப்பு மனுவை இ.பி.க்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் வருகிறது.

இதன் தனிச்சிறப்பு விதி 32-இன் ஐந்தாம் உட்பிரிவு. கட்டிய சுவரை அவர் இடிக்காவிட்டால், கோர்ட் வேறொருவரை நியமித்து அதை அகற்றச் செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம். 2002-இல் சேர்த்த விளக்கத்துக்குப் பிறகு, "செய்யாதே" என்ற தடைக்கும் "செய்" என்ற கட்டளைக்கும் இது பொருந்தும். தடம் திரும்ப வேண்டும் என்பவருக்கு இதைவிட நேரான வழி இல்லை.

கெடு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நிரந்தரத் தடை டிகிரியை நிறைவேற்றக் காலவரம்பு இல்லை. ஆனால் "இந்தச் சுவரை அகற்று" என்பது போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு, டிகிரி தேதியிலிருந்தோ அதில் குறித்த கெடு நாளிலிருந்தோ மூன்றே ஆண்டு. டிகிரிக்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, "பங்காளிதானே, பேசிப் பார்ப்போம்" என்று நாலு வருஷம் விட்டவருக்கு அந்தச் சுவர் நிரந்தரமாகிவிடும். உங்கள் டிகிரியில் இரண்டு பரிகாரமும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள்.

அப்பா மீது வாங்கிய தடை மகனுக்குப் பொருந்துமா என்பது அடிக்கடி வரும் சந்தேகம். சொத்தைப் பற்றிய தடை என்றால் வாரிசுகள் மீதும் நிறைவேற்றலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிதாக வழக்குப் போடத் தேவையில்லை. டிகிரிக்குப் பிறகு கோர்ட்டுகளின் எல்லை மாறியிருந்தால், அந்த இடம் இப்போது எந்தக் கோர்ட் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயும் இ.பி. போடலாம். கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமான பிறகு இந்தச் சந்தேகம் நம் பகுதியில் பலருக்கு உண்டு.

செலவுப் பக்கம் பார்த்தால், சிவில் சிறைக்கு அனுப்பக் கேட்கும்போது அங்கே அவருடைய சாப்பாட்டுப் படியை மனு போட்டவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். இது தெரியாமல் வருபவர்கள் அதிர்ந்துபோவார்கள். அமீனா (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்) வரும் நாளில் ஆள் கூலி, ஜேசிபி வாடகை, தேவைப்பட்டால் போலீஸ் பந்தோபஸ்துக் கட்டணம் எல்லாம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். பிறகு வசூலிக்கலாம்.

தாமதம்தான் இ.பி.யின் பெரிய குறை. அதைச் சரிசெய்யத்தான் 2021-இல் உச்ச நீதிமன்றம், இ.பி.க்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நிலவழக்கில், நாடு முழுவதும் தேங்கியிருக்கும் இ.பி.க்களின் கணக்கெடுத்து ஆறு மாதத்தில் முடிக்கும்படி எல்லா ஹைகோர்ட்டுகளுக்கும் மறுபடி உத்தரவிட்டது. வாய்தா நீண்டுகொண்டே போனால் இந்த இரண்டு உத்தரவுகளையும் மெமோவாக எழுதி நீதிபதி முன் வைக்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

## போலீஸ்: எப்போது பயன்படும், எப்போது படாது

தடையாணை நகலோடு ஸ்டேஷனுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கேட்டது "இது சிவில் மேட்டர்ங்க, கோர்ட்லயே பாத்துக்கோங்க" என்ற பதிலைத்தான். ஆத்திரமாக இருக்கும். ஆனால் சட்டப்படி அதில் ஓரளவு விஷயம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 223, அதாவது பழைய இ.பி.கோ. 188, அரசு ஊழியர் பொதுவில் பிறப்பிக்கும் உத்தரவை மீறுவதற்கானது. இரு தரப்பினருக்கு இடையே சிவில் கோர்ட் போட்ட தடைக்கு அது பொருந்தாது என்பதே நெடுங்காலமாக உள்ள கருத்து. தவிர, அந்தப் பிரிவில் சம்பந்தப்பட்ட அதிகாரியே எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் எடுத்துக்கொள்ள முடியும்.

மீறலோடு சேர்ந்து நடந்த குற்றம் வேறு விஷயம். மரத்தை வெட்டினால், பைப்பை உடைத்தால் அதே சன்ஹிதாவின் பிரிவு 324. அத்துமீறி நுழைந்தால் 329. மிரட்டினால் 351. புகாரில் "கோர்ட் உத்தரவை மீறினான்" என்று மட்டும் எழுதாமல், என்ன உடைத்தார், என்ன சொல்லி மிரட்டினார், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் பெற்றதற்கான ரசீதை, வாங்காமல் வெளியே வராதீர்கள். நாளை 2ஏ விசாரணையில் அந்த ரசீதின் தேதி உங்களுக்குச் சாட்சி. தகராறை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்கு அனுப்பினால் அங்கேயும் சிவில் கோர்ட் உத்தரவின் நகலைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

போலீஸை உண்மையில் வேலை செய்ய வைப்பது கோர்ட் கொடுக்கும் போலீஸ் உதவி உத்தரவு. பிரிவு 151-இன் கீழ் மனு போட்டு, "இன்ன ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் இந்தத் தடையை நிறைவேற்ற உதவ வேண்டும்" என்று வாங்கினால் சிவில் மேட்டர் என்ற பதில் அங்கே செல்லாது. மீறல் இன்னும் நடக்கவில்லை, ஆனால் செங்கல் இறங்கிவிட்டது, ஆள் சேர்க்கிறார்கள் என்ற நிலையில் முதலில் போட வேண்டிய மனு இது. முடிந்துபோன மீறலுக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

## ஹைகோர்ட் அவமதிப்பு: எல்லோரும் கேட்பது, சிலருக்கே பொருந்துவது

1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் பிரிவு 12-இன்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம். சென்னைக்குப் போய்வரும் செலவைக் கணக்குப் போட்டவர்கள் அந்தத் தொகையைக் கேட்டுத் திகைப்பார்கள். இதில் உங்களுக்கு நஷ்டஈடு என்று ஏதும் இல்லை.

கீழ்க் கோர்ட் உத்தரவை மீறினாலும் தண்டிக்க ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முன்சீப் கோர்ட் தடைக்கு அங்கே போனால் முதல் கேள்வியே "2ஏ இருக்கும்போது இங்கே ஏன்?" என்பதாகத்தான் இருக்கும். நிராகரித்துவிட்டால், அந்தச் சட்டத்தின் பிரிவு 19-இல் உங்களுக்கு மேல்முறையீடு கிடையாது. தண்டிக்கப்பட்டவருக்குத்தான் அந்த உரிமை.

அப்படியானால் யாருக்கு இது சரி? ஹைகோர்ட் உத்தரவையே மீறும்போது, குறிப்பாக அரசு அதிகாரிகள் மீறும்போது. பட்டா மாறுதல் மனுவை 12 வாரத்தில் பரிசீலிக்கும்படி ரிட் மனுவில் உத்தரவாகிறது. தாசில்தார் அலுவலகம் அசையவில்லை. உத்தரவு நகலை ஒப்புகை அட்டையோடு அனுப்பி, கெடு முடிந்ததும் வக்கீல் நோட்டீஸ் கொடுத்து, பிறகு அவமதிப்பு மனு. கெடு முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். திரும்பத் திரும்ப ஞாபக மனு எழுதியே அந்த ஓராண்டைத் தொலைத்தவர்கள் உண்டு. நோட்டீஸ் போன பிறகு பல அலுவலகங்களில் வேலை தானாக நடக்கும்.

ஆனால் "பரிசீலிக்க" என்ற உத்தரவுக்கு அதிகாரி "நிராகரிக்கப்படுகிறது" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினாலே கீழ்ப்படிந்ததாகிவிடும். அந்த முடிவு தவறு என்பதை அவமதிப்பு மனுவில் பார்க்க மாட்டார்கள். புதிதாக ரிட் அல்லது மேல்முறையீடு போக வேண்டும். இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

உறுதிமொழியை மீறுவதும் இங்கே வரும். "இத்தனாம் தேதிக்குள் காலி செய்கிறேன்" என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால் அது அவமதிப்பு. வெறும் சமரச டிகிரியில் கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழி என்று தெளிவாக எதுவும் இல்லாவிட்டால் இ.பி.க்குத்தான் போக வேண்டும். சமரசம் எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

## ஊரில் உட்கார்ந்து பேசுவது

இதை இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். தடத்தின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் நாளைக்கும் அதே ஊரில்தான் இருக்கப் போகிறார்கள். கல்யாணம், சாவு எல்லாம் பொதுவில்தான். மாம்பழம் அழுகும் பருவத்தில் இரண்டு வாரத்தில் முடியும் பேச்சு, இரண்டு வருஷ வழக்கைவிட மேலானது.

ஆனால் வாய்ப்பேச்சாக முடிக்காதீர்கள். முடிந்ததைக் கட்டளை 23 விதி 3-இன் கீழ் இருவரும் கையெழுத்திட்ட சமரச மனுவாகக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள், அல்லது மக்கள் நீதிமன்றத்தில் பதியுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பெரியவர் வீட்டுப் பீரோவில் வைத்த ஒப்பந்தத்தை இ.பி. போட்டு நிறைவேற்ற முடியாது. பேச்சு நடக்கும் நாட்களில் தடை காலாவதியாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்தடிப்பதற்காகவே பேச்சுக்கு வருபவர்களும் உண்டு.

## ஜீவனாம்சம், குடும்ப வன்முறை உத்தரவுகள்

இவற்றுக்கு மேலே சொன்ன வழிகள் எதுவும் தேவையில்லை. சட்டமே தனி வழி வைத்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 144-இன் கீழ் வந்த ஜீவனாம்சத்தைக் கட்டாவிட்டால், வசூல் வாரண்டும், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையும் கேட்கலாம். சிறையில் இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி தீராது. பாக்கி விழுந்து ஓராண்டுக்குள் மனு போடுவது மிக அவசியம். பெண்கள் பலர் "இந்த மாசம் தந்துடறேன்" என்ற வார்த்தையை நம்பி அந்த ஓராண்டைக் கடத்திவிடுகிறார்கள். அது வருத்தமான இழப்பு.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறினால், அந்த மீறலே குற்றம். பிரிவு 31-இல் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்பதால் இங்கே ஸ்டேஷனுக்கு நேரே போகலாம், "சிவில் மேட்டர்" என்ற பேச்சுக்கே இடமில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

## உத்தரவு உங்கள் மேல் வந்திருந்தால்

தடை தவறு என்று நீங்கள் உறுதியாக நம்பலாம். உங்களைக் கேட்காமலேயே கொடுத்திருக்கலாம். அப்போதும் ரத்தாகும் வரை அதற்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். உங்களுக்கு முன் இரண்டு நேர்வழிகள் இருக்கின்றன.

தடை கொடுத்த கோர்ட்டிலேயே கட்டளை 39 விதி 4-இன் கீழ் அதை நீக்கக் கேட்பது ஒன்று. எதிர்தரப்பு முக்கியமான உண்மையை மறைத்தோ பொய் சொல்லியோ வாங்கியிருந்தால் இது விரைவான வழி, செலவும் குறைவு. உங்களைக் கேட்காமல் கொடுத்த தடையாக இருந்தால், தடை கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தடை கேட்ட மனுவை முடிக்கக் கோர்ட் முயல வேண்டும் என்று விதி 3ஏ சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி வாய்தா கேளுங்கள்.

இரு தரப்பையும் கேட்ட பிறகு வந்த உத்தரவு என்றால் கட்டளை 43-இன் கீழ் மேல்முறையீடு. முன்சீப் கோர்ட் உத்தரவுக்கு 30 நாளுக்குள் மேல்கோர்ட்டில் போட வேண்டும். சான்றிட்ட நகலுக்கு உத்தரவு வந்த அன்றே மனு கொடுத்துவிடுங்கள். நகல் தயாராக எடுத்த நாட்கள் அந்த 30 நாள் கணக்கில் சேராது, நகல் மனுவே கொடுக்காமல் வீட்டில் இருந்த நாட்கள் சேரும்.